மூலக்குளத்தில் நின்றவள்

"உங்கம்மா சம்பளச் சீட்டுல கைநாட்டு வைக்கிற ஆளு. நீ பேச்சு வராத பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறியா? மொதல்ல பேசுற பிள்ளைக்குச் சொல்லிக் குடு, பாப்போம்."

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருமுறை ஆபீஸ் வாசலில், கொழுந்து நிறுக்க நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னது இது. நான் அப்போதுதான் சிறப்புக் கல்வியில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியராவதற்கான படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளே நான்தான். அதற்கு மேல் படிப்பதென்றால் அவருக்குச் சிரிப்பு வந்ததில் ஆச்சரியமில்லை. படித்து முடித்து, வேலை பார்த்து, அதைப் பதிலாகக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

படிப்பின் கடைசிப் பகுதி ஒரு செய்முறைப் பயிற்சி. வேறொரு நாட்டில், நமக்குத் தெரிந்த மொழி பேசும் ஒரு பிள்ளையோடு செய்ய வேண்டும். இலங்கையிலிருந்து எனக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி. மூலக்குளத்தில் ஒரு பழைய மாடி வீட்டில் நடக்கும் சிறிய மையம்.

தங்கியது சாரத்தில், மும்தாஜ் அக்கா வீட்டு மாடியில். கீழே அவர்கள் வீடு, தெருப் பக்கம் அவர்களுடைய துணிக்கடை. முதல் நாள் என் பெட்டியைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர்ல பாதிப் பேரு பிரான்சுக்குப் போறான். நீ படிக்கறதுக்குன்னு இங்க வந்திருக்கியா?"

"ஆமாம் அக்கா. ஆட்டிசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க."

"அதுக்கெல்லாம் படிப்பு இருக்கா? நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

காலையில் அவர் கொடுத்த தேநீரில் பால்தான் இருந்தது. தேயிலை எங்கோ அடியில் இருந்தது. எங்கள் மலையில் விளைவதில் நல்லது கப்பலேறிவிடும், தூள்தான் எங்களுக்கு. அந்தத் தூளில் இறங்கும் சாயம்கூட இந்தத் தூளில் இறங்கவில்லை. சர்க்கரையும் இஞ்சியும் போட்டு எல்லாவற்றையும் மறைத்திருந்தார்கள். இரண்டாவது நாளே அது எனக்குப் பிடித்துப்போனது என்பதை ஊரில் சொல்ல மாட்டேன்.

மூலக்குளத்துக்குப் போக டெம்போ ஏற வேண்டும். முதல் நாள் நான் ஏறிய டெம்போ கோரிமேட்டுப் பக்கம் போனது. பக்கத்தில் இருந்த பூக்கார அம்மாள் என் கேள்வியைக் கேட்டுவிட்டு டிரைவரிடம் சத்தமாகச் சொன்னார்: "யப்பா, இந்தப் பொண்ணு வில்லியனூர் ரோட்டுக்குப் போவணுமாம். உன் வண்டியில ஏறி உக்காந்துக்கினு அழகு பாக்குது." டெம்போ முழுக்கச் சிரித்தது. முதல் நாளே மையத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். நேரம் தவறாமைக்குப் பரிசு வாங்கியவள் நான்.

மையத்தை நடத்துபவர் நிர்மலா மேடம். அவர் எனக்கு ஒப்படைத்த பிள்ளை அபி. ஏழு வயது. பேச்சு கிடையாது. நல்ல உயரம், நீளக் கால்கள், எதையும் யாரையும் நேராகப் பார்க்காத கண்கள். அவளை அழைத்து வந்த அவள் அம்மா கலா அக்கா, வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பம். காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். அபியின் மணிக்கட்டிலிருந்து ஒரு நீல நைலான் கயிறு போய் அவர் இடுப்பில் முடிந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஓடிப் பூடும் டீச்சர். கடலு இருக்குது, ரோடு இருக்குது. வியாபாரம் பாப்பனா, இத பாப்பனா? மாட்ட கட்டற மாதிரி கட்டிக்கீறேன்னு மார்க்கெட்ல எல்லாரும் கேக்கறாங்க. கேக்கறவங்க ஒரு நாளு பாத்துக்க மாட்டேங்கறாங்க."

பயிற்சியில் என்ன இலக்கு எடுக்கலாம் என்று நான் ஒரு நீண்ட பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அதைத் திறக்க விடவில்லை.

"இவ பேச வேணாம். எழுத வேணாம். நில்லுன்னா நிக்கணும். இந்தக் கயித்த அவுக்கணும். அவ்ளோதான் டீச்சர்."

நல்ல இலக்கு. பயிற்சிக் காலத்துக்குள் காட்டக்கூடியது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

சிவப்பு ரெக்சினில் ஒரு வட்டம் வெட்டினேன். கூடத்தில் அபி நடக்கும்போது "நில்லு" என்று சொல்லி, அவளை மெல்ல அந்த வட்டத்துக்கு அழைத்துப் போய் நிறுத்துவேன். நின்றதும் சோப்புக் குமிழி ஊதுவேன். குமிழி என்றால் அவளுக்கு உயிர். முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து, ஒவ்வொன்றும் உடையும் வரை அசையாமல் நிற்பாள். சில நாளிலேயே நான் கையைத் தொட வேண்டியிருக்கவில்லை. "நில்லு" என்றால் போதும். கூடத்தின் எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வந்து வட்டத்தில் நின்றாள். கலா அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்து இல்லாமல் ஆக்க வேண்டும். கூடத்தில் கற்றதைத் தெருவிலும் கடற்கரையிலும் கற்பிக்க வேண்டும். என் குரலுக்குச் செய்வதை அம்மா குரலுக்கும் செய்ய வைக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் ஓரிடத்தில் கற்றதை அந்த இடத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்வார்கள். இன்னோர் இடத்துக்குத் தானாக எடுத்துப் போக மாட்டார்கள். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"வைத்திக்குப்பம் பக்கம் போனீங்களா?" என்று நிர்மலா மேடம் கேட்டார்.

"போறேன் மேடம்."

"வீட்டுக்கு வாங்க டீச்சர்," என்று கலா அக்காவும் பலமுறை கூப்பிட்டார். "சாயங்காலமா வாங்க. கொஞ்சம் நெத்திலி வறுக்கறேன். தெருவுலியே ஓட வுட்டுப் பாக்கலாம்."

அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் மாலை நேரங்களில் நான் பீச் ரோட்டில் இருந்தேன். மாலையில் அங்கே வண்டிகளை விடுவதில்லை. நடு ரோட்டில் நடக்கலாம். கோன் ஐஸும் சுண்டலும் வாங்கி, கருங்கல் குவியல்மேல் அலை தெறிப்பதைப் படம் எடுத்து, தங்கைக்கு அனுப்பினேன். அங்கிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் வைத்திக்குப்பம். எனக்கு அது தெரியும்.

ஏன் போகவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். கலா அக்கா சொன்னதை வைத்தே அந்த வீடு எனக்குத் தெரிந்திருந்தது. ஓர் அறை, ஒட்டிய சுவர், தகரம், பொதுக் குழாயில் குடங்களின் வரிசை. நான் பிறந்த லயத்திலும் அதேதான்: நீளக் கட்டடம், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, வாசலில் குழாய். அதிலிருந்து வெளியே வரத்தான் இத்தனை வருடம் படித்தேன். மறுபடி அந்தக் குழாயடியில் நிற்கவா கடல் தாண்டி வந்தேன் என்று தோன்றியது. டீச்சர் மையத்தில் இருப்பாள், பிள்ளையை அங்கே அழைத்து வரட்டும். இப்படி எனக்குள் சொல்லிக்கொண்டது நான்தான்; வேறு யாருமில்லை.

ஒரு நாள் வட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு "நில்லு" என்று சொல்லிப் பார்த்தேன். அபி கூடம் முழுக்கச் சுற்றினாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். நிற்கவில்லை. தேர்வு நெருங்கியிருந்தது. வட்டத்தை மறுபடி விரித்தேன். அவள் ஓடி வந்து நின்றாள். இருவருக்கும் நிம்மதி.

வெளித் தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தார். அபி அன்று தேர் மாதிரி நின்றாள். கூப்பிட்டபோதெல்லாம் நின்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. வேற இடத்துல செஞ்சு பாத்தீங்களா?"

"மூணு இடத்துல செய்தோம் சார். கூடம், வாசல், பின்கட்டு."

மூன்றும் ஒரே வீடு. மூன்றுக்கும் அந்த வட்டத்தை நான்தான் கையில் தூக்கிப் போனேன். அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் என்று அன்றே தெரிந்துவிட்டது. நிர்மலா மேடம் மட்டும் "கலாவோட வீட்டுக்குப் போனீங்கதானே?" என்று மறுபடி கேட்டார். போன் வந்ததுபோல எழுந்து வெளியே போனேன்.

மறுநாள் காலை கலா அக்கா போன் செய்தார். "மார்க்கெட்டுக்கு வாங்க டீச்சர். உங்களுக்குன்னு ஒரு வஞ்சிரம் எடுத்து வெச்சிக்கீறேன். நம்ம ஆளுங்களுக்கும் உங்களக் காட்டணும்."

இந்த அழைப்புக்கு மட்டும் உடனே கிளம்பினேன். நல்ல காட்டன் சேலையாகப் பார்த்துக் கட்டினேன்.

அவர் உட்காரும் இடம் மார்க்கெட்டின் பின்பக்கம், தெரு ஓரம். ஐஸ் நீர் தரையெல்லாம் ஓடியது. எங்கள் மலைக்கு மீன் வந்து சேரும்போது அதற்குக் கண் உள்ளே போயிருக்கும். இங்கே ஒவ்வொன்றும் என்னை முறைத்துப் பார்த்தது. கலா அக்கா வஞ்சிரத்தை என் கையில் கொடுத்து, என்னைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார்.

"இவங்கதான். சிலோன் டீச்சர்."

"சின்னப் பொண்ணா கீது," என்றார் பக்கத்தில் இறால் வைத்திருந்த பெண். "இதுவா உன் பொண்ண நிக்க வெச்சிது?"

"நீயே பாரு," என்றார் கலா அக்கா.

இறால்காரப் பெண் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் கயிற்றை அவிழ்த்தார். இடுப்பில் இருந்த முடிச்சை அல்ல. அபியின் கையில் இருந்ததை. கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. நான் மார்பு நிமிர்ந்து நின்றதை இப்போது நினைத்தால் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அபி ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள், பிறகு தெருவோரமாக ஓடத் தொடங்கினாள்.

"அபி, நில்லு!" என்று கலா அக்கா கத்தினார்.

அபி திரும்பினாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். தெருவின் எதிர்ப் பக்கம் யாரோ மீன் டப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அகலமான, வட்டமான, சிவப்பு பிளாஸ்டிக் டப்பு.

குறுக்கே ஓடினாள். ஒரு குட்டியானை வேன் அலறிக்கொண்டு நின்றது. கலா அக்கா அதற்கு முன்னாலேயே பாய்ந்திருந்தார். ஐஸ் நீரில் வழுக்கி இடது கை தரையில் மடங்க விழுந்தார். நான் அவருடைய மீன்கூடைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

அபிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சிவப்பு டப்பின்மேல் ஏறி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து குமிழிக்காகக் காத்திருந்தாள்.

"அவுக்காத, அவுக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டியா?" என்று இறால்காரப் பெண் கத்தினார். வேன்காரன் அவன் பங்குக்குத் திட்டினான். கலா அக்கா எழுந்து, தொங்கிய கையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து போய், நல்ல கையால் அபியை அறைந்தார். இரண்டு முறை. அபி டப்பை விட்டு இறங்கவில்லை.

பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "மன்னிச்சிக்கோங்க டீச்சர். நீங்க அம்மாம் பாடுபட்டீங்க. இது மண்டையில ஏறல. உங்க மானத்த வாங்கிடிச்சி."

"பரவாயில்லை அக்கா," என்றேன்.

நான் மன்னித்தேன். அந்தப் பிள்ளை நான் சொல்லிக் கொடுத்ததை, எழுத்து மாறாமல், உயிரைக் கொடுத்துச் செய்திருந்தது. நில்லு என்றால் சிவப்பு வட்டத்துக்கு ஓடு: நான் கற்பித்தது அதுதான். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவள் தெருவோரமாகவே ஓடியிருப்பாள். அந்தச் சொல்தான் அவளை வண்டிக்குக் குறுக்கே அனுப்பியது. அங்கே இருந்த எல்லாரிலும் இது தெரிந்தவள் நான் ஒருத்தி. எனக்கு அது அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் பரவாயில்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தக் கையால் இனிச் சில வாரங்கள் மீன்கூடை தூக்க முடியாது. அபியின் கயிற்றை இறால்காரப் பெண் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் வஞ்சிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாரத்துக்குத் திரும்பினேன். அதைக் கொடுத்தவரிடமே விட்டு வரக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மும்தாஜ் அக்கா மீனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, நெய்ச்சோறு பொங்கி அதை வறுத்து வைத்தார். சாப்பிட முடியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன், முழுவதும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அந்தப் புள்ள சும்மா அடி வாங்கிச்சா?" என்றார். பிறகு, "சோறு ஆறிடப் போவுது," என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

மறுநாள் வைத்திக்குப்பத்துக்கு நடந்தே போனேன். இந்த ஊரில் எல்லாத் தெருவும் நேராக இருப்பதால் வழி தவறாது என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி நேராக இருப்பதால் எனக்குத் தவறியது. ஒரே பேக்கரி வாசலுக்கு இரண்டு முறை வந்து சேர்ந்தேன். அடுப்பிலிருந்து எடுத்த நீள ரொட்டியின் வாசனை. எங்கள் ஊரில் இதைப் பாண் என்போம். லயத்தில் விடியற்காலையில் பாண்காரர் வந்தால் அம்மா எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வெறும் தேநீரோடு மலைக்குப் போவார். அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கவில்லை.

வீடு நான் நினைத்தபடியேதான் இருந்தது. குழாயில் குடங்கள் வரிசையில் இருந்தன. அபி ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தாள். கலா அக்கா ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் கடலுக்குப் போயிருந்தார்.

"வாங்க டீச்சர். இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

உட்காரும் முன்பே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது. வட்டத்தைப் பற்றி, அதை எடுக்காமல் விட்டதைப் பற்றி, இங்கே வராததைப் பற்றி, தேர்வாளரிடம் சொன்னதைப் பற்றி.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இருங்க. நான் நில்லுன்னு கத்தினேனே, அதக் கேட்டுத்தான் ஓடினாளா?"

"ஆமாம் அக்கா."

"என் கொரலக் காதுல வாங்கினாளா?"

"வாங்கினாள். நீங்கள் சொன்னதைத்தான் செய்தாள்."

அவர் முகத்தில் வந்ததற்குப் பெயர் எனக்குத் தெரியாது. சிரிப்பு மாதிரி தொடங்கியது. அபியைப் பார்த்தார். "ஏழு வருஷமா கூப்புடறேன்டி உன்ன," என்றார். அடுத்த நொடி என் பக்கம் திரும்பினார்.

"அங்கியே ஏன் சொல்லல? மார்க்கெட்டே பாக்க அடிச்சனே எம் பொண்ண. நீ பாத்துக்கினுதான நின்ன? நான் மன்னிப்புக் கேக்கறேன், பரவால்லன்ற. இன்னா பரவால்ல?"

அதுவரை நீங்க என்று பேசிய வாய். எனக்கு அந்த "நீ" சரியாகத்தான் பட்டது. அழுகை வந்தது, அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்துவார் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி போட்டு நிறுத்தினார்கள். நான் வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அவர் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

"இனிமே நீ கூப்புடாத," என்றார் கடைசியில். "நான் கூப்புடறேன். எங்க கூப்புடணும், எப்பிடிக் கூப்புடணும், அத மட்டும் சொல்லு. வட்டம் கிட்டம் ஒண்ணும் வேணாம்."

"வேண்டாம் அக்கா."

"எத்தினி நாளு ஆவும்?"

"தெரியாது," என்றேன். இந்த ஊருக்கு வந்து அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து நேராக மூலக்குளம் போய் நிர்மலா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, "தேர்வாளருக்கு நீங்களே போன் பண்ணுங்க" என்று நம்பரை நீட்டினார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. பண்ணினேன். மதிப்பெண் ரத்து. பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டேன். அம்மாவுக்குப் போனில் சொன்னபோது, "ஃபெயிலா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது மாலையில் வைத்திக்குப்பத்தில் இருக்கிறேன். தெருவின் ஒரு முனையில் கலா அக்கா, மறு முனையில் நான், நடுவில் அபி; கயிறு இருக்கிறது, ஆனால் தளர்வாக. அம்மா கூப்பிடும்போது ஒரு கால் தூக்கியபடி யோசிக்கிறாள். சில சமயம் அந்தக் கால் இறங்கி அங்கேயே நிற்கிறது. பல சமயம் ஓடிவிடுகிறது. கலா அக்கா என்னை இன்னும் "நீ" என்றுதான் பேசுகிறார்.

மறுதேர்வு கேட்டு நேற்றுக் கல்லூரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தேர்வு நடக்க வேண்டிய இடம் வைத்திக்குப்பம், கலா அக்கா வீட்டுத் தெரு. கூப்பிடப் போகிறவர், பிள்ளையின் தாய்.